அரிசிக் கதை எண்ணை ஆறு முறை வெட்டினால்...

போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து எத்தனை அரிசி? 18446744073709551615 என்று விடையை மட்டும் போட்டிருந்தேன். பக்கத்தில் இடம் அவ்வளவுதான் இருந்தது. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது மேசைமேல் ஒரு கட்டாக இருக்கின்றன. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? இந்த மாதம் முழுப் பக்கங்களையும் அந்த ஓர் எண்ணுக்கே கொடுத்துவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேரன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தான். முழு எண்ணும் வரவில்லை. நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இந்த எண்ணை வாயால் எப்படிப் படிப்பது?
— ஒரு வாசகி, மன்னார்குடி

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே, நீடாமங்கலத்தை அடுத்து, பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது! இறைவனே சித்தராக வந்து இளவரசியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம். அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

பேரனை ஒரு முழுத் தாள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. 2-ஐ எழுதி, அதை அதனாலேயே பெருக்கட்டும்: 4. அதை அதனாலேயே: 16. அப்புறம் 256. அப்புறம் 65536. அப்புறம் 4294967296. ஆறாவது முறை 18446744073709551616. 65-ஆம் கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் வரும் எண்ணிக்கை இது. ஆறே பெருக்கல். முதல் நான்கும் மனக்கணக்கு, கடைசி ஒன்றுக்குத்தான் தாளில் பாதி வேண்டும். கட்டங்களின் மொத்தம் எப்போதும் அடுத்த கட்டத்துக்கு ஒன்று குறைவாகவே வரும் (1+2+4 என்பது 7, அடுத்த கட்டம் 8). அதனால் கடைசியில் ஒன்றைக் கழித்துவிட்டால் நம் விடை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்-பிரூனி இந்த எண்ணைச் சரியாகக் கணக்கிட்டு எழுதிவைத்திருக்கிறார். அவருக்கும் கைதான், தாள்தான்.

பெருக்கியது சரியா என்று பார்க்க, எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்பது சோதனை போதும். 4294967296-இன் இலக்கங்களைக் கூட்டினால் 58, அதைக் கூட்டினால் 13, அதைக் கூட்டினால் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16, அதாவது 7. பெரிய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 88, பிறகு 16, பிறகு 7. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போனால் மட்டும் சரி என்று ஆகிவிடாது, ஆனால் ஒத்துப்போகாவிட்டால் நிச்சயம் தப்பு.

படிக்கும் முறை: வலமிருந்து ஏழேழு இலக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 184467 | 4407370 | 9551615. ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி. அதன்மேல் நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி. அதன்மேல் தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பெயர் வைத்திருந்தவர்கள் நாம். பரிபாடலில் அந்த வரிசையே வருகிறது. நமக்கு வாய் குழற வேண்டிய அவசியம் இல்லை.

எடையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரைஸ்மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எடை போடாமல் அரிசியைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. போன வாரம் ஆயிரம் பொன்னி அரிசியை எண்ணித் தராசில் வைத்தேன். 17 கிராம். அந்தக் கணக்கில், பலகையின் முதல் இரண்டு வரிசையும் முடியும்போது ஒரு கிலோ நூறு கிராம் ஆகிறது. ஒரு வேளைச் சமையல். மூன்றாவது வரிசை முடிந்தால் 285 கிலோ, நான்கு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. பாதிப் பலகையில் 73 டன், ஏழு லாரி. முழுப் பலகைக்கு ஏறக்குறைய 31,000 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று அதிகம். அறுநூறு வருட விளைச்சல் வேண்டும்.

அம்மா, 5-இல் முடிவதால் 5 ஆல் வகுபடும் என்று தெரிகிறது. இலக்கக் கூடுதல் 87 என்பதால் 3 ஆலும் வகுபடும். மற்ற காரணிகளைக் கையால் கண்டுபிடிக்க முடியுமா, அல்லது கம்ப்யூட்டர்தான் வேண்டுமா?
— ப்ளஸ் ஒன் மாணவி, கும்பகோணம்

கையால் முடியும் கண்ணு. அதற்காகத்தான் இந்த எண் எனக்கு இவ்வளவு பிடிக்கும். முன்பின் தெரியாத ஓர் இருபது இலக்க எண்ணை நீட்டிக் காரணி கேட்டால் நான் மலைத்துப்போவேன். ஆனால் இந்த எண் எப்படிப் பிறந்தது என்று நமக்குத் தெரியும். பிறந்த விதம் தெரிந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

வகுப்பில் நான் இதை ஒரு காகிதப் பட்டையை வைத்து நடத்துவேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 64 கட்டங்களை ஒரே நீளமாகப் போட்டுக்கொள். முதல் கட்டத்தில் 1. 33-ஆம் கட்டத்தில் 4294967296. இப்போது பட்டையைச் சரிபாதியாக வெட்டி, பின்பாதியை நகர்த்தி முன்பாதியின் மேல் வை. (மடிக்கக் கூடாது, மடித்தால் 64-ஆம் கட்டம் போய் முதல் கட்டத்தின் மேல் உட்கார்ந்துவிடும்.) 33 வந்து 1-இன் மேல், 34 வந்து 2-இன் மேல், 64 வந்து 32-இன் மேல் இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் மேலே இருப்பது கீழே இருப்பதைப் போல 4294967296 மடங்கு. ஒரு ஜோடிகூட விதிவிலக்கு இல்லை. ஆக, பின்பாதியின் மொத்தம் முன்பாதியைப் போல 4294967296 மடங்கு. முழுப் பட்டை என்பது முன்பாதி × 4294967297. முதல் காரணி கையில் வந்துவிட்டது, ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை!

முன்பாதியில் 32 கட்டங்கள். அதையும் அப்படியே வெட்டி வை. 17-ஆம் கட்டத்தில் 65536 இருப்பதால் காரணி 65537. மீதி 16 கட்டத்தை வெட்டினால் 257. எட்டை வெட்டினால் 17. நான்கை வெட்டினால் 5. இரண்டை வெட்டினால் 3. கடைசியில் ஒரே கட்டம், அதில் ஓர் அரிசி. ஆறு வெட்டில் கிடைத்தது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒன்பதாம் வகுப்பில் படித்த 'இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம்' சூத்திரம்தான் இது. அதையே ஆறு முறை போட்டாலும் இந்த விடை வரும். ஆனால் காகிதத்தை வெட்டி வைத்து 65537-ஐத் தானே கண்டுபிடித்த ஒரு பெண், கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து கரும்பலகைக்கே ஓடிவந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சூத்திரத்துக்கு யாரும் அப்படி ஓடிவந்ததில்லை.

இந்த ஆறில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்தான் என்று ஒரு பெரிய மனிதர் நம்பினார்: பிரான்சைச் சேர்ந்த ஃபெர்மா, 1640-இல். இப்படிப் பிறக்கும் எண் எல்லாமே பகா எண்ணாகத்தான் இருக்கும் என்பது அவருடைய ஊகம். 92 ஆண்டுகள் கழித்து, 1732-இல் ஆய்லர் அதை உடைத்தார். 4294967297 = 641 × 6700417. ஆக நம் எண்ணுக்குள் இருக்கும் பகா எண்கள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால், மொத்த வகுத்திகள் 2-ஐ ஏழு முறை பெருக்கினால் வரும் 128. அதுவும் ஓர் இரட்டிப்பு எண்ணாகவே வந்து நிற்பதைப் பார்.

641 என்று ஆய்லருக்கு எப்படித் தோன்றியது? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்துக்கொண்டே போனாரா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

இல்லை தம்பி. அப்படிப் போயிருந்தால் 641-ஐத் தொடுவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பகா எண்களை முயன்றிருக்க வேண்டும். 4294967297, அதாவது 2³²+1 என்ற எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அதை 64 ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்பது ஆய்லரின் வழி. அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே விடை. சல்லடையை முதலில் செய்துகொண்டு அப்புறம் சலித்தார்.

641 வகுக்கும் என்று தெரிந்த பிறகு, அதைப் பெருக்கிப் பார்க்காமலே நிரூபிக்க ஓர் அழகான வழி உண்டு. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 128 + 1
641 = 625 + 16

641 ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்ப்போம். முதல் வரியின்படி 5 × 128 என்பது 641-க்கு ஒன்று குறைவு, அதாவது மீதிக் கணக்கில் அது −1. அதை நான்கு முறை பெருக்கினால் +1 ஆகிவிடும். 5-ஐ நான்கு முறை பெருக்கினால் 625. 128-ஐ நான்கு முறை பெருக்கினால் 2²⁸. எனவே 625 × 2²⁸ என்பதன் மீதி 1. இப்போது இரண்டாவது வரி: 625 என்பது மீதிக் கணக்கில் −16. அதைப் போட்டால் −16 × 2²⁸, அதாவது −2³² என்பதன் மீதி 1. அப்படியானால் 2³²-உடன் ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். முடிந்தது. பத்து இலக்க எண்ணை நாம் தொடவே இல்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம்.

இந்தக் காரணிகளால் என்ன பயன்?
— வாசகர், விருதுநகர்

சுருக்கமான கேள்வி, ஆனால் விடை பெரியது. காம்பஸும் அளவில்லாத ஸ்கேலும் மட்டும் வைத்துச் சம பக்கங்கள் உள்ள 17 கோணத்தை வரையலாம் என்று காஸ் 1796-இல் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 18. கிரேக்கர்கள் காலத்திலிருந்து 3, 5 பக்கங்களுக்குத்தான் வழி தெரிந்திருந்தது; பகா எண்ணான வேறொரு பக்க எண்ணிக்கைக்கு வழி கிடைத்தது அதுதான் முதல் முறை. 257, 65537 பக்க உருவங்களையும் அப்படி வரைய முடியும். 65537 பக்கத்துக்கான வழிமுறையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 1894-இல் எழுதி முடித்தார் ஹெர்மஸ் என்பவர். இந்த ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் 4294967295. நம் பாதிப் பலகையின் அரிசி எண்ணிக்கை, ஏழு லாரிச் சரக்கு! அத்தனை பக்கமுள்ள உருவத்தையும் கொள்கையளவில் காம்பஸால் வரையலாம். இதைவிடப் பெரிய ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை எதற்கும் இதுவரை அப்படி வழி தெரியாது.

அன்றாடப் பயனும் உண்டு. இணையத்தில் பாதுகாப்பான இணைப்புக்குப் பயன்படும் சான்றிதழ்கள் பலவற்றில் 65537 என்ற எண் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நம் இரண்டாம் வெட்டில் கிடைத்த காரணி அது.

டீச்சர், நான் எழுதிய புரோகிராமில் விடை −1 வர வேண்டிய இடத்தில் நீங்கள் போட்ட இதே எண் வந்து நிற்கிறது. இது எப்படி?
— பொறியியல் மாணவர், கோவை

பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். 99999-க்கு அப்புறம் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 00000. அந்த மீட்டருக்கு 99999 என்பது 'பூஜ்யத்துக்கு ஒன்று முன்னால்'. உங்கள் கம்ப்யூட்டரில் 64 இடங்கள் உள்ள மீட்டர் இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 மட்டும். எல்லா இடத்திலும் 1 இருந்தால் அதன் மதிப்பு 1+2+4+8 என்று 64 கட்டங்களின் கூடுதல், அதாவது நம் அரிசி எண்ணிக்கை. அதோடு ஒன்றைக் கூட்டினால் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒன்றைக் கூட்டினால் பூஜ்யமாகும் எண் எது? −1. இரண்டுக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரே உருவம்தான். குறியுள்ள எண்ணாகப் படி என்று நீங்கள் சொன்னால் −1 என்று படிக்கும். குறியில்லாத எண் என்று சொன்னால் 18446744073709551615 என்று படிக்கும். உங்கள் புரோகிராமில் அந்த மாறியை எந்த வகையாக அறிவித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

7 ஆல் வகுபடுமா?
— ஏழாம் வகுப்பு மாணவன், மதுரை

வகுபடாது, மீதி 1 வரும். 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதி ஒவ்வொன்றையும் 7 ஆல் வகுத்துப் பார். மீதி 2, 4, 1, 2, 4, 1 என்று மூன்று மூன்றாகச் சுற்றும். 64-இல் 21 சுற்று முடிந்து ஒன்று மிஞ்சுவதால் 2⁶⁴-இன் மீதி 2. ஒன்றைக் கழித்தால் 1. இதே வழியில் 11-க்கு நீ செய்து பார். அங்கே சுற்று மூன்று இல்லை, பத்து.

64-ஐப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாம். அப்படிப் பிரிக்க முடியாத நீளத்தில் பலகை இருந்தால் என்ன செய்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஐயா, நான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி இது. மூன்றே மூன்று கட்டங்களைக் கூட்டி, 67 கட்டப் பலகை என்று வைத்துக்கொள்வோம். மொத்த அரிசி 147573952589676412927. அறுபத்தேழு பகா எண். பாதியாகவோ மூன்றாகவோ எப்படி வெட்டினாலும் சம துண்டு வராது. காகிதப் பட்டை இங்கே கைகொடுக்காது.

1644-இல் மெர்சென் என்ற பாதிரியார் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876-இல் எடுவார்ட் லூகாஸ் அது பகா எண் இல்லை என்று நிரூபித்தார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை! பூட்டிய பெட்டிக்குள் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொன்ன மாதிரி. அந்தக் காரணிகள் வெளிவந்தது 1903 அக்டோபரில், நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில். ஃபிராங்க் நெல்சன் கோல் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் ஒரு பக்கம் 2-ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று எழுதிப் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்ததும் போய் உட்கார்ந்தார், அரங்கமே கைதட்டியது என்று சொல்வார்கள். எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். நீங்கள் ஒன்பது சோதனை போட்டுப் பாருங்கள் ஐயா: இரண்டு காரணிகளுக்கும் 1 வரும், பெருக்கல் பலனுக்கும் 1 வரும்.

அதே லூகாஸ்தான் 1883-இல் 'ஹனாய் கோபுரம்' என்ற வட்டுகள் விளையாட்டைத் தந்தவர். காசியில் ஒரு கோயிலில் 64 தங்க வட்டுகளை அர்ச்சகர்கள் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் முடியும் என்று அதற்கு ஒரு கதை சேர்ந்தது. அதற்குக் குறைந்தபட்சம் எத்தனை மாற்றங்கள் வேண்டும் தெரியுமா? 18446744073709551615. நொடிக்கு ஒரு மாற்றம் என்றாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

பாட்டி, இது 2-ஐ மட்டுமே பெருக்கி வந்த எண். ஆனால் இதில் 2 என்ற இலக்கமே இல்லையே, ஏன்?
— நான்காம் வகுப்பு மாணவி, திருச்சி

முப்பத்தொரு வருடத்தில் நான் கவனிக்காததை நீ கவனித்திருக்கிறாய் பாப்பா. கடிதத்தைப் படித்ததும் மறுபடி எண்ணிப் பார்த்தேன். 0 இருக்கிறது, 1 இருக்கிறது, 3 முதல் 9 வரை எல்லாம் இருக்கின்றன, 2 மட்டும் இல்லை. அதற்குக் காரணம் எதுவும் இல்லை. இருபது இலக்கத்தை மனம்போனபடி எழுதினால், அதில் 2 வராமல் போவது ஏறக்குறைய எட்டில் ஒரு முறை தானாக நடக்கும். நீயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கட்டம் குறைத்தால் 63-ஆம் அடுக்கு 9223372036854775808. அதில் மூன்று 2 இருக்கின்றன. ஒரு கட்டம் கூட்டினால் 65-ஆம் அடுக்கு 36893488147419103232, அதில் இரண்டு. 66-ஆம் அடுக்கை நீ பெருக்கி, எத்தனை 2 என்று எண்ணி எனக்கு எழுது.